மாஸ்ரரின் கார்க் கண்ணாடி

மாஸ்ரருடைய காரில் முன்னுக்கு உட்காருவதற்கு எங்களில் ஒருவருக்கும் விருப்பமிருக்கவில்லை. மரியாதை அல்ல காரணம், குளிர். அந்தப் பழைய காரின் வலது பக்கக் கண்ணாடி முழுதாக ஏறாது. மேலே ஒரு இடைவெளி எப்போதும் இருக்கும். அதற்குள் பழைய துவாய் ஒன்றை அடைத்து வைத்திருப்பார். ரொறன்ரோ மல்வேர்னில் கிளம்பி முதல் சிக்னல் வருவதற்குள் துவாய் மடியில் விழும். பிறகு தை மாதத்துக் காற்று நேராகக் காதுக்குள் வரும்.

"உதைத் திருத்தினா என்ன மாஸ்ரர்?" என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"உது ஏறாத வரைக்கும் நான் மனிசன், பிள்ளை" என்பார்.

இதைக் கேட்டு நான் சிரிப்பேன். பின்னால் இருப்பவர்களும் சிரிப்பார்கள். எங்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும்.

மாஸ்ரர் நைஜீரியாவில் பல வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். அங்கே பள்ளிக்கூடங்களில் அந்த நாட்டவர்களும் பக்கத்து நாட்டவர்களும் எழுதிய நாவல்கள் பாடமாக இருந்தனவாம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்தபோது ஒரு சூட்கேஸ் நிறைய அந்தப் புத்தகங்களைத்தான் கொண்டு வந்தார். உடுப்பு ஒரு பையில் அடங்கிவிட்டது. மனைவி காலமாகிவிட்டார் என்று சிலரும், பிரிந்து போய்விட்டார் என்று சிலரும் சொன்னார்கள். நான் கேட்டதில்லை. இங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலை.

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் அவர் ஒரு நாவலைக் கதையாகச் சொல்வார். கேட்க வருபவர்கள் ரெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவுகிறவர்கள், பெட்டி அடுக்குகிறவர்கள், என்னைப்போல இரண்டு மூன்று பெண்கள். எங்களுக்கு ஆமி தெரியும், இயக்கங்கள் தெரியும். ஆபிரிக்கா தெரியாது. மாஸ்ரர் சொல்லத் தொடங்கினால் எங்கள் பேஸ்மென்ற்றுக்குள் சந்தை ஒன்று வந்துவிடும். அந்தச் சந்தையில் ஒருவன் எண்ணெய்ப் பீப்பாவின் மேல் ஏறி நின்று வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கத்துவான். பொலிஸ் தேடும்போது கச்சான் கடலை விற்கிற ஒருத்தி அவனைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போடுவாள். சுதந்திரம் வரும். கொடி ஏறும். அவன் மந்திரியாவான். ஒருநாள் அதே சந்தைக்குள் நீளமான கறுப்புக் கார் ஒன்று வரும். கச்சான்காரி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடுவாள். அப்போது காரின் கண்ணாடி ஏறும்.

கண்ணாடி ஏறுகிற சத்தத்தை மாஸ்ரர் வாயால் போட்டுக் காட்டுவார். "ம்ம்ம்ம்ம்..." என்று இழுத்து, "டக்" என்று முடிப்பார். அந்த "டக்"கோடு சில நாட்களில் அவருடைய கண் கலங்கிவிடும்.

ஆட்கள் மாறுவார்கள், நாடு மாறும், காரின் நிறம் மாறும். கதை மட்டும் மாறாது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "மாஸ்ரர், அவ்வளவு பெரிய சூட்கேசுக்குள்ளை ஒரு கதைதான் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுதான் பிள்ளை. அதுதானே பயமாயிருக்கு" என்றார்.

"சரி, கண்ணாடி ஏறின பிறகு உள்ளுக்கை இருக்கிறவனுக்கு என்ன தெரியுது? அதை எழுதேல்லையோ?"

"நான் படிச்ச மட்டிலை எழுதேல்லை. எழுதினவன் எல்லாம் வெளியிலை நிண்டவன்" என்றார்.

அந்தக் கதை எங்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. தமிழ்ச் சங்கத் தலைவர் கலியாண வீட்டில் முன்வரிசையைத் தேடிப் போனால், பின்னால் நின்று மாஸ்ரர், "கண்ணாடி ஏறுது" என்பார். என் கணவரை வேலை இடத்தில் கொஞ்சம் உயர்த்தி நாலு பேருக்கு மேலே விட்டபோது, "என்ன, கண்ணாடி ஏறுதோ?" என்று கேட்டு அவருடைய சந்தோஷத்தைக் கெடுத்தார். இவருக்கு அதில் இன்றைக்கும் கோபம்.

கூட்டங்களில் மாஸ்ரர் உட்காரவே மாட்டார். கோட்டுகளைக் குவித்து வைத்திருக்கிற மேசைக்குப் பக்கத்தில் கடைசியில் நிற்பார். மேடைக்குக் கூப்பிட்டால், "வேண்டாம், கதிரையிலை இருந்தா நான் எழும்ப மாட்டன்" என்று பகிடி விடுவார். ஆனால் யாருக்காவது இமிக்ரேஷன் ஒஃபீசில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் தன் ஷிஃப்ற்றை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார். என்னுடைய முதல் குளிர்காலத்தில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தது அவர்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ நோவு கண்டபோது அந்தத் துவாய்க் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்படிப்பட்ட மனிதர் என்பதை மறந்துவிட்டு மிச்சக் கதையைச் சொல்லக் கூடாது. மறந்திருந்தால் எனக்கும் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்தில் என் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது. ரியூஷனுக்குப் போன பிள்ளை. அம்மா ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய் நின்றாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. இல்லையென்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு எதுவும் நடக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் தம்பியின் படத்தை எடுத்துக்கொண்டு மாஸ்ரரிடம் போனேன். சோதனை எழுதி முடித்த பிறகு ஸ்ரூடியோவில் எடுத்த படம். வெள்ளைச் சேர்ட், பக்க வகிடு, கன்னம் நிறையச் சிரிப்பு.

"மாஸ்ரர், நீங்கள் மேடையிலை ஏறி இங்கிலிசிலை இவனைப் பற்றிக் கதைக்க வேணும். உங்களை விட்டால் எனக்கு வேறை ஆள் இல்லை" என்றேன்.

அவர் படத்தைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்தார். "கதைக்கிறன் பிள்ளை" என்றார்.

கதைத்தார். என்ன கதை! மண்டபமே அழுதது. எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. ஆனால் தம்பியை எனக்கே புதிதாக அறிமுகப்படுத்துவது மாதிரி இருந்தது. அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள், அதற்கு அடுத்ததற்கும். கோட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றவர் மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சூட் வந்தது. பழைய தலைவர்கள் சண்டை பிடித்துக்கொண்டு வேறு சங்கம் தொடங்கப் போக, இந்தச் சங்கத்துக்கு மாஸ்ரர் தலைவரானார். ஞாயிறு கதைகள் நின்றுபோயின. நேரமில்லையாம். கதிரையில் இருந்தால் எழும்ப மாட்டேன் என்று அவர் சொன்னது பகிடி இல்லை என்று என் கணவர் வீட்டில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்ரர் மேலே போகப் போக என் தம்பியின் பெயரும் மேலே போகிறது என்று நான் நம்பினேன்.

அடுத்த வருடம் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் செத்தவர்களுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஒரு வெள்ளைக்கார எம்.பி.யும் வருவதாக இருந்தது. வேலை முடித்து இரண்டு பஸ் பிடித்து நான் பிந்தித்தான் போனேன். கதவைத் திறந்தால் மேடையில் வரிசையாகப் படங்கள், முன்னால் குத்துவிளக்கு. வரிசையின் நடுவில் என் தம்பி. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்ரிக் மல்லிகை மாலை.

படத்துக்கு மாலை போடுவது என்றால் என்ன என்பதை எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. எம்.பி.க்கு அது அலங்காரம். எனக்கு அது சாவுச் செய்தி. யாரோ என்னைப் பிடித்து இருத்தினார்கள். தம்பி போய்விட்டான், எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் கடைசியாகச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். மேடையில் மாஸ்ரர் பேசிக்கொண்டிருந்தார். குரல் உடைந்தது. கண்ணீர் வந்தது. அது உண்மையான கண்ணீர், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

கூட்டம் முடிந்ததும் அவரைப் பள்ளிக்கூட நடையில் வைத்து மறித்தேன்.

"மாஸ்ரர், தம்பிக்கு என்ன நடந்தது? ஆர் சொன்னது?"

"ஐயோ பிள்ளை, ஒண்டும் நடக்கேல்லை. பெடியள் எல்லாப் படத்துக்கும் போடேக்கை தெரியாமல் இதுக்கும் போட்டிட்டாங்கள்."

"பெடியள் தெரியாமல் போட்டாங்கள். நீங்கள் கதைச்சது? அதுவும் தெரியாமலோ?"

மாஸ்ரர் அங்குமிங்கும் பார்த்தார். "உள்ளுக்கை இருக்கிறான் எண்டு சொன்னா வெள்ளைக்காரனுக்கு ஏறாது பிள்ளை. ஒரு வருசமாச் சொல்லிப் பாத்தாச்சு" என்றார். பிறகு எம்.பி. கூப்பிட, போய்விட்டார்.

யாழ்ப்பாணத்துக்குச் செய்தி போகிற வேகம் எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். அந்த மண்டபத்தில் இருந்த யாரோ யாருக்கோ சொல்லி, அது எங்கள் ஊருக்குப் போய் இறங்கிவிட்டது. கனடாவில் மாலை போட்டு விளக்கேற்றினார்களாம். சொந்த அக்காவே அங்கே இருக்கும்போது சும்மா போடுவார்களா? அதற்கு மேல் அத்தாட்சி என்ன வேண்டும்? அம்மா கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்துவிட்டாள். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை அது. உயிரோடு இருக்கிற மகனுக்குத் தர்ப்பை போட்டு, பிண்டத்தைக் கடலில் கரைத்து, வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

நான் பெரும்பாடு பட்டு அம்மாவை ரெலிபோனுக்குக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. "அம்மா, அது பிழையான கதை. அவன் செத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்று கத்தினேன்.

மறுபக்கம் அம்மா சத்தமே போடவில்லை. "செத்தவனைச் செத்தவன் எண்டு விடு பிள்ளை. திருப்பித் திருப்பிச் சாகக் குடுக்க என்னாலை ஏலாது" என்றாள்.

மாஸ்ரரை நான் வெறுத்த மாதிரி அந்த நாட்களில் வேறு யாரையும் வெறுக்கவில்லை. அவருடைய கார் எங்கள் தெருவில் திரும்பினாலே யன்னல் சீலையை இழுத்துவிடுவேன்.

அப்போதுதான் அது நடந்தது. மண்டபத்துக்கு வந்த எம்.பி. செத்துப்போன பையனைப் பற்றி மேலிடத்தில் கேள்வி கேட்டிருக்கிறார். மேலிடம் கொழும்பில் கேட்டிருக்கிறது. கொழும்புக்குக் கோபம் வந்துவிட்டது. யார் சொன்னது அவன் செத்துவிட்டான் என்று? எங்களுடைய காவலில்தான் இருக்கிறான், சுகமாக இருக்கிறான் என்று பதில் அனுப்பிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறானா என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் அப்படி ஒருவரே இல்லை என்றவர்கள், செத்துவிட்டான் என்றதும் இருக்கிறான் என்றார்கள். தெற்கில் எந்த முகாம் என்றும் அந்தப் பதிலில் இருந்தது.

மாஸ்ரர் கதவை உடைப்பது மாதிரித் தட்டினார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "பாத்தீரோ பிள்ளை! நான் அதுக்குத்தானே மாலை போட்டனான்!"

நான் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பி இருக்கிறான். அது போதும் எனக்கு. கொஞ்சம் ஆறிய பிறகுதான் கேட்டேன். "மாஸ்ரர், அண்டைக்குப் பெடியள் தெரியாமல் போட்டது எண்டு சொன்னியள்."

"அண்டைக்கு அப்பிடிச் சொல்லாமல் வேறை எப்பிடிச் சொல்லுறது?" என்றார். எந்தக் கதை மெய் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

எண்பத்தேழில் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது, பிடித்து வைத்திருந்தவர்களில் பல பேரை விட்டார்கள், தம்பியையும் விட்டார்கள். எம்.பி. கேட்டதாலா, ஒப்பந்தத்தாலா, எல்லோரையும் விடுகிறபோது அவனையும் விட்டார்களா, ஒன்றும் விளங்கவில்லை. மாஸ்ரர் மட்டும் குழம்பவில்லை. மேடைக்கு மேடை, "நான் மீட்டெடுத்த பிள்ளை" என்று பேசினார். ஊரில் அம்மா தம்பியை முற்றத்தில் நிறுத்தி, தலையில் தண்ணீர் வார்த்துத்தான் உள்ளே எடுத்தாளாம். கிரியை செய்து கடலில் விட்ட பெயரைத் திருப்பிக் கூப்பிடப் பயந்து, கன நாளாக "இஞ்சை" என்றுதான் கூப்பிட்டாளாம்.

அடுத்த வருடம் தம்பி ரொறன்ரோவுக்கு வந்தான். விமான நிலையத்தில் மாஸ்ரர் எங்களுக்கு முன்னமே நின்றார், வீடியோக் கமெராவோடு இரண்டு பேர், கையில் கார்னேஷன் பூவில் கட்டிய மாலை. தம்பி ஒன்றும் தெரியாமல் குனிந்து கழுத்தைக் கொடுத்தான். என்னையறியாமல் மாஸ்ரரின் கையைப் பிடித்துவிட்டேன்.

"பிள்ளை, இது வரவேற்பு மாலை" என்றார் மெதுவாக. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த மார்கழியில் தம்பியைச் சங்க மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செத்தவர்களின் படங்கள் மாட்டியிருந்த சுவரில், நடுவில், அவனும் இருந்தான். அதே பிளாஸ்ரிக் மல்லிகை. ஒருவரும் கழற்றவில்லை. தம்பி தன்னைத்தானே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஸ்ரர், உதை இறக்குங்கோ. ஆள் உயிரோட முன்னாலை நிக்கிறான்" என்றேன்.

மாஸ்ரர் தம்பியின் தோளில் கை போட்டார். "தம்பி, குறை நினையாதையும். உம்மைக் கண்டால் சனம் சந்தோசப்படும். உதைக் கண்டால்தான் சனம் எழும்பும்" என்றார்.

நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனிசி மாலையைப் பார்த்துவிட்டு, "ஐ ஆம் சோ சொறி" என்றாள். "நோ, நோ, ஹி இஸ் ஹியர்" என்று முன் சீற்றிலிருந்த தம்பியைக் காட்டினேன். அவள் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையைத் தட்டி, எனக்கு இன்னுமொரு சகோதரன் இருப்பது பெரிய ஆறுதல் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தம்பியைப் பார்த்தேன். தம்பியின் கன்னம் ஒட்டியிருந்தது. முன்தலை நரைத்திருந்தது. அவளில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டில் அந்தப் படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உடுப்பு அலுமாரிக்குள் வைத்தேன்.

தை மாதம் மாஸ்ரர் ரெலிபோன் எடுத்தார். "பிள்ளை, படத்தை ஒருக்கால் தாரும். ரண்டு பெடியளைத் தங்களிட்டை இருக்கிறாங்கள் எண்டு ஆமி இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. அவையின்ர படம் ஒண்டும் வெளியிலை வரேல்லை. ஒரு முகம் இல்லாமல் நான் எப்பிடிக் கதைக்கிறது?"

"தேர்தலுக்கு நிக்கப் போறாராம், அதுக்குத்தான்" என்றார் என் கணவர். அப்படி ஒரு கதை மோர்னிங்சைட் தெரு வரைக்கும் அடிபட்டதுதான். நான் படம் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். "குடு அக்கா" என்றான்.

"உன்ர முகமடா அது!"

"அது இப்ப என்ர முகமில்லை. உள்ளுக்கை இருக்கேக்கை ஒருநாள் ஒருத்தன் வந்து என்ர முழுப்பேரைக் கேட்டு எழுதினவன். அண்டையிலை இருந்து அடி குறைஞ்சது. ஏனெண்டு இஞ்சை வந்துதான் எனக்குத் தெரியும்."

"அம்மாவுக்குச் செய்தது?"

அவன் போய் அலுமாரிக்குள் இருந்த படத்தை எடுத்து வந்தான். "ரண்டு பேர் உள்ளுக்கை இருக்கிறாங்கள் அக்கா" என்றான்.

பின்னேரம் மாஸ்ரர் வந்தார். புதுக் கார். கறுப்பு இல்லை, கடும் நீலம். பட்டனை அமத்தினால் கண்ணாடி தானாக இறங்கியது. படத்தை யன்னலால் நீட்டினேன். அவர் வாங்கிப் பின் சீற்றில் மெதுவாக, முகம் மேலே பார்க்க வைத்தார். அங்கே ஒரு புது மாலை பெட்டிக்குள் ஆயத்தமாக இருந்தது.

"அந்த ரண்டு பெடியளின்ர பேர் என்ன மாஸ்ரர்?" என்று கேட்டேன். தடுமாறுவார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். தடுமாறவில்லை. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், இரண்டு தாய்மாரின் பெயரையும் சொன்னார்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய சாம்பல் சூட்டின் கையில் விழுந்து கரைந்தது. அவர் பட்டனை அமத்தினார். கண்ணாடி ஏறத் தொடங்கியது. "ம்ம்ம்ம்ம்" என்ற அந்தச் சத்தம் எங்கள் பேஸ்மென்ற்றில் கேட்டது மாதிரியே இருந்தது.

பாதியில் விரலை எடுத்துவிட்டார். கண்ணாடி நின்றது. என்னைப் பார்த்தார். எனக்கு அது கேட்டது அவருக்குத் தெரியும். அந்த மனிதரை நான் அவ்வளவு வயதானவராக அதற்கு முன் கண்டதில்லை. உள்ளுக்கை இருந்து பார்க்க என்ன தெரியுது மாஸ்ரர் என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் அந்தக் குளிரில் இந்த ஊரில் எல்லோரும்தான் கண்ணாடியை ஏற்றுகிறார்கள். பின் சீற்றில் தம்பி கன்னம் நிறையச் சிரித்துக்கொண்டு கிடந்தான். மாஸ்ரர் இன்னும் பட்டனைத் தொடவில்லை, காத்துக்கொண்டிருந்தார்.

"குளிருது, ஏத்துங்கோ மாஸ்ரர்" என்று நான்தான் சொன்னேன்.